முன்கண்ணாடியில் ஒரு காது

நியூ ஜெர்சியில் வீடு, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் வேலை. திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பி வியாழக்கிழமை ராத்திரி திரும்புவது என்று ஏறக்குறைய மூன்று வருடம் ஓடியது. ஒரு வழிக்கு 300 மைலுக்குக் கொஞ்சம் மேலே. பெரும்பகுதி ஐ-95 ஹைவேதான். அந்தச் சாலையில் எங்கே காபி சுமாராக இருக்கும், எங்கே சாலை ஏறி இறங்கும், எந்தப் பாலத்துக்குப் பின்னால் போலீஸ் கார் நிற்கும் என்பதெல்லாம் அத்துப்படி. அப்படியும் வேகத்துக்கு அபராத டிக்கெட் வாங்கினேன். போலீஸின் ரேடார் அலை வந்தால் சத்தம் போட்டுச் சொல்கிற ரேடார் டிடெக்டர் என்ற பெட்டி என் காருக்கு வந்தது அதனால்தான்.

முதல் டிக்கெட் வீட்டுக்கு ஒரு மணி நேரத் தூரத்தில், நியூ ஜெர்சி டர்ன்பைக் என்ற கட்டணச் சாலையில் கிடைத்தது. 65 மைல் வரம்பில் 82. வியாழன் ராத்திரி, வீட்டு நினைப்பு, காலியான சாலை. அபராதத் தொகை கூடப் பெரிய விஷயமில்லை. வரம்பைவிட 15 முதல் 29 மைல் வரை கூடினால் அங்கே லைசென்ஸில் 4 தண்டனைப் புள்ளி ஏறும். மூன்று வருடத்துக்குள் 6 புள்ளி சேர்ந்தால் தனியாக 150 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். இன்ஷூரன்ஸ்காரர்கள் ஏற்றுவது அதற்கு மேல். கோர்ட்டுக்குப் போய் வழக்கறிஞரிடம் பேசி, 'பாதுகாப்பற்ற ஓட்டுதல்' என்ற புள்ளியில்லாத குற்றமாக மாற்றிக்கொண்டேன். அதற்கு அபராதம் போக 250 டாலர் கூடுதல் கட்டணம் கட்டினேன். பணம் போனாலும் புள்ளி ஏறவில்லை. டிக்கெட் வந்ததும் இணையத்தில் பணம் கட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பணம் கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு.

ரிச்மண்ட் அலுவலகத்தில் இருபது வருடமாக அமெரிக்காவில் ஓட்டுகிற ஓர் அண்ணன் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கி மாட்டு. ஆனா அது என்னத்தைக் கேக்கும், என்னத்தைக் கேக்காதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மாட்டு" என்றார். முதல் பாதியை மட்டும் காதில் போட்டுக்கொண்டேன்.

80 டாலருக்கு ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். சிகரெட் பெட்டி அளவு, முன்கண்ணாடியில் ஒட்ட இரண்டு ரப்பர் கிண்ணம், சிகரெட் லைட்டர் குழியில் செருக ஒரு சுருள் வயர். மாட்டிய முதல் நாளே கத்த ஆரம்பித்தது. மருந்துக்கடை வாசல், சூப்பர் மார்க்கெட் வாசல், பெட்ரோல் பங்க், பக்கத்தில் போகிற புதுக் கார் என்று எதையும் விடவில்லை. அந்தச் சமயம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, இது என்ன, கடை வாசலுக்கெல்லாம் கும்பிடு போடுது?"

அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி. அமெரிக்கப் போலீஸ் பயன்படுத்தும் ரேடார் மூன்று அலைவரிசைகளில் இருக்கிறது. பழைய எக்ஸ் பேண்ட் 10.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது, இப்போது அரிது. கே பேண்ட் 24 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. கேஏ பேண்ட் 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரை. ஆளைக் கண்டதும் திறக்கும் கடைக் கதவுகளின் சென்சாரும் கே பேண்டில்தான் பேசுகிறது. பக்கவாட்டில் கார் வந்தால் கண்ணாடியில் விளக்கு எரியுமே, அந்த பிளைண்ட் ஸ்பாட் சென்சாரும் பல கார்களில் அதே 24 கிகாஹெர்ட்ஸ்தான். ஆக, மலிவான டிடெக்டருக்கு மருந்துக்கடையும் போலீஸும் ஒன்று. இரண்டு வாரத்தில் அதன் சத்தத்துக்கு என் காது மரத்துப்போனது. நிஜமாகப் போலீஸ் வந்தபோதும் அதே கத்தல்தான். நானும் வழக்கம்போல அலட்சியமாகப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் வேறு யாரையோ பிடித்துக்கொண்டிருந்தார். என் நல்ல நேரம்.

இதற்குப் பிறகுதான் அண்ணன் சொன்ன இரண்டாவது பாதி நினைவுக்கு வந்து, இந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன்.

போலீஸ்காரரின் ரேடார் கன் ஓர் அலையை அனுப்புகிறது. அது நம் காரில் பட்டுத் திரும்பி அவரிடமே போய்ச் சேர வேண்டும். நாம் ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப, திரும்புகிற அலையின் அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். 24.15 கிகாஹெர்ட்ஸ் கன்னில், மணிக்கு ஒரு மைல் வேகத்துக்கு 72 ஹெர்ட்ஸ் மாறும். 70 மைலில் போனால் சுமார் 5,040. இந்த வித்தியாசத்தை அளந்துதான் நம் வேகத்தைச் சொல்கிறார்கள். டிடெக்டர் எதையும் அனுப்புவதில்லை, வெறுமனே கேட்கிறது. அதன் அனுகூலமும் அதுதான். தூரம் இரண்டு மடங்கானால் டிடெக்டருக்கு வந்துசேரும் அலை நாலில் ஒரு பங்காகக் குறையும். போலீஸுக்குத் திரும்புகிற அலையோ போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை தேய்ந்து பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால் அவர் நம்மை அளக்க முடிகிற தூரத்துக்கு வெகு முன்பே நம் பெட்டிக்கு அவர் குரல் கேட்டுவிடுகிறது. சமதளத்தில், நேர்ச்சாலையில், நல்ல டிடெக்டர் ஒரு மைலுக்கு மேலேயே கேட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வளைவுக்கும் மேட்டுக்கும் அந்தப் பக்கம் இருந்தால் கதை வேறு.

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அவர் கன்னை இயக்கியிருக்க வேண்டும். வாயைத் திறக்காதவன் பேச்சை எந்தக் காதும் கேட்காது.

ரேடாரை எப்போதும் ஓடவிட்டு உட்காருகிற போலீஸ்காரர்கள் உண்டு. அவர்களிடம் மாட்டுவது கஷ்டம். விவரமானவர்கள் கன்னை அணைத்தபடி காத்திருந்து, கார் கிட்டே வந்ததும் ஒரு நொடி மட்டும் அழுத்துவார்கள். அந்த ஒரு நொடியில் நம் பெட்டி கத்தும். ஆனால் கத்தும்போது வேகம் அவர் திரையில் ஏறியிருக்கும். இதிலிருந்து தப்ப ஒரே வழி, நமக்கு முன்னால் போகிற ஒருவரை அவர் முதலில் அளப்பது. அந்த அளவையின் சிதறலை நம் பெட்டி தூரத்திலிருந்து பிடிக்கும். கேஏ பேண்டில் ஒரு நொடி கீச்சென்று வந்து நின்றுபோனால் அதுதான் இந்த உலகத்திலேயே மிக முக்கியமான எச்சரிக்கை. விட்டுவிட்டு வருகிற சின்னச் சத்தத்தைப் பலர் கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

அதாவது டிடெக்டர் நன்றாக வேலை செய்வது சாலையில் நாலு கார் இருக்கும்போது. ராத்திரி இரண்டு மணிக்குக் காலியான ஹைவேயில் நாம்தான் முதல் ஆள். முதல் டிக்கெட் வாங்கின அன்று என்னிடம் உலகத்திலேயே விலை கூடிய டிடெக்டர் இருந்திருந்தாலும் அநேகமாக அதே டிக்கெட்டைத்தான் வாங்கியிருப்பேன்.

இரண்டாவதாக வாங்கியது நல்லதாக வாங்கினேன், ஐந்நூறு டாலருக்குக் குறையாமல். வாங்கும்போது மூன்று விஷயம் பார்த்தேன். ஒன்று, வருகிற அலையின் அதிர்வெண்ணை எண்ணாகத் திரையில் காட்ட வேண்டும். கேஏ பேண்டில் போலீஸ் கன்கள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று இடங்களை ஒட்டியே இருக்கும். அந்த எண் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், காலை எடுத்துவிடலாம். இரண்டாவது, ஜிபிஎஸ். தினமும் கடக்கிற மருந்துக்கடையை நாலைந்து தரம் கேட்டதும் இடத்தையும் அதிர்வெண்ணையும் சேர்த்து நினைவில் வைத்து, அடுத்த தரம் வாயை மூடிக்கொள்ளும். மூன்றாவது, பக்கத்தில் போகிற கார்களின் சென்சாரைப் பிரித்தறிந்து வடிகட்டும் வசதி. இது எந்தப் பெட்டியிலும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் இருக்கிறதற்கும் இல்லாததற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரு நண்பன் வேலண்டைன் ஒன் வைத்திருந்தான். 1992-இல் வந்த அந்தப் பெட்டிக்கு முன்னும் பின்னும் ஆன்டெனா; அலை முன்னாலிருந்தா, பின்னாலிருந்தா, பக்கத்திலிருந்தா என்று அம்புக்குறி காட்டும். அதை ஓட்டிப் பார்த்த பிறகு என் பெட்டியில் அம்பு இல்லையே என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. அம்பு இருந்தால், பின்னால் வருகிற போலீஸ் காரா, கடந்துபோன கடையா என்று தெரியாமல் விழிக்கிற நேரம் மிச்சம்.

மாட்டுகிற இடமும் முக்கியம். பெட்டிக்குச் சாலை நேராகத் தெரிய வேண்டும். வைப்பர், வெயில் தடுக்கிற கருநிறப் பட்டை, உலோகப் பூச்சுள்ள கண்ணாடி எதுவும் குறுக்கே வரக்கூடாது. நான் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்குப் போகிற வயரிலிருந்தே மின்சாரம் எடுத்தேன். சுருள் வயர் தொங்குவது அசிங்கம் மட்டுமில்லை, திருடனுக்கும் அழைப்பு. கலிபோர்னியா, மின்னசோட்டா போன்ற இடங்களில் முன்கண்ணாடியில் சாமான் ஒட்டுவதற்கே கட்டுப்பாடு உண்டு. டிடெக்டர் அங்கே குற்றமில்லை, ஒட்டுகிற இடம்தான் குற்றமாகலாம். டாஷ்போர்டில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

லேசர் கதைக்கு வருகிறேன். டெலவேரைத் தாண்டி மேரிலாந்துக்குள் நுழைந்த ஒரு மத்தியான வேளை. சாலையில் நிறைய கார்கள். எல்லாருமே 75-ஐ ஒட்டிப் போனோம். நான் கொஞ்சம் கூட. மேலே ஒரு குறுக்குப் பாலம். பெட்டி இதுவரை எழுப்பாத ஒரு சத்தத்தை எழுப்பியது. திரையில் 'லேசர்'. என் கால் பிரேக்குக்குப் போவதற்குள், பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் சாலையோரத்தை நோக்கிக் கை நீட்டிவிட்டார். நிதானமாக, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

லேசர் கன் 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பி, தூரம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று பார்க்கிறது. அரை நொடிகூட வேண்டாம். ரேடார் அலை பூப்போல விரிந்து நாலு பாதையையும் நனைக்கும். லேசர் கற்றை ஆயிரம் அடி தூரத்தில் சுமார் மூன்றடி அகலம்தான். அவர் குறிவைப்பது நம் நம்பர் பிளேட்டையோ ஹெட்லைட்டையோ. அந்த ஒளி முன்கண்ணாடியின் உச்சியில் இருக்கும் பெட்டிக்குச் சிதறி வந்து சேர்ந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வந்து சேர்ந்தாலும் அது எச்சரிக்கை இல்லை, தகவல். 'உன்னை அளந்தாயிற்று' என்று சொல்கிறது, அவ்வளவுதான். லேசரைக் குழப்பும் ஜாமர்கள் விற்கிறார்கள்; பல மாநிலங்களில் சட்டவிரோதம். ரேடார் ஜாமரோ நாடு முழுக்கவே மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் நான் போகவில்லை. கேட்பது ஒன்று, அடுத்தவர் கருவியைக் கெடுப்பது வேறு.

நியூ ஜெர்சி லைசென்ஸ்காரர் வெளிமாநிலத்தில் டிக்கெட் வாங்கினால் ஊரில் 2 புள்ளி ஏறும். மேரிலாந்து உபயத்தில் எனக்கு ஏறியது.

அதே மேரிலாந்தில் சாலைப்பணி நடக்கிற இடத்தில் நின்ற கேமராவும் ஒருமுறை பிடித்தது. பெட்டி மூச்சுவிடவில்லை. வரம்பைவிட 12 மைல் கூடினால் படம் எடுக்கும். அப்போது 40 டாலர், புள்ளி கிடையாது. முன்னாடியே பலகை வைத்து 'இங்கே கேமரா இருக்கிறது' என்று எழுதியும் இருந்தார்கள். பெட்டியை நம்பி பலகையைப் படிக்காத என்னை என்ன சொல்வது. போலீஸ் கார் நம் பின்னாலேயே அதே வேகத்தில் வந்து மீட்டரைப் பார்த்து எழுதுகிற டிக்கெட்டும் உண்டு. இரண்டு அடையாளங்களுக்கு நடுவே எவ்வளவு நேரம் எடுத்தோம் என்று ஸ்டாப்வாட்ச் போட்டுக் கணக்கிடுவதும் உண்டு. ஆகாயத்திலிருந்து பார்த்துப் பிடிக்கிற இடங்களும் இருக்கின்றன. இந்த மூன்றிலும் அலையே கிடையாது. இந்த விஷயத்தில் போனில் ஓடுகிற வேஸ் போன்ற செயலிகள் கெட்டிக்காரத்தனம். முன்னால் போனவர் கண்ணால் பார்த்ததைச் சொல்வதால் லேசர்காரரும் அதில் தெரிவார். நான் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டேன்.

இப்போது சட்டம். அமெரிக்காவில் சாதாரணக் காரில் டிடெக்டர் வைப்பது பெரும்பாலான இடங்களில் குற்றமில்லை. வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டிசியிலும் குற்றம். பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட வணிக லாரிகளுக்கு 1994 முதல் நாடு முழுக்கத் தடை. என் நிலைமையைப் பாருங்கள்: நான் போகிற ஊரே வர்ஜீனியா. ஐ-95 மேரிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்குள் நுழைவது உட்ரோ வில்சன் பாலத்தில். அந்தப் பாலத்தின் ஒரு சின்னத் துண்டு டிசிக்குள் வேறு வருகிறது. ஆக, பாலம் ஏறுவதற்கு முன்பே கழற்றியாக வேண்டும். நான் மேரிலாந்து ஹவுஸ் ஓய்விடத்தில் காபிக்கு நிற்கும்போதே கழற்றி, துணிப்பையில் சுற்றி, டிக்கியில் சூட்கேஸுக்கு அடியில் வைத்துவிடுவேன். வர்ஜீனியா சட்டத்தில் மின் இணைப்பு இல்லாமலும், ஓட்டுகிறவருக்கோ உடன் வருகிறவர்களுக்கோ சுலபமாக எட்டாமலும் இருந்தால் குற்றமில்லை என்று விலக்கு இருக்கிறது. அணைத்துவிட்டு கையுறைப் பெட்டியில் போடுவது போதாது. வேலை செய்கிறதா இல்லையா என்பதே அங்கே கேள்வி இல்லை. ஒளித்து ஓட்டலாம் என்ற ஆசையும் வேண்டாம். டிடெக்டருக்குள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் என்ற அலை உண்டாக்கும் பாகம் தானே கொஞ்சம் அலையைக் கசியவிடும்; அதை மோப்பம் பிடிக்கிற கருவி போலீஸிடம் இருக்கிறது.

ஒருமுறை வர்ஜீனியாவில், 65-இல் 76 போனதற்கு நிறுத்தினார்கள். அப்போது இன்னும் பழைய ரப்பர் கிண்ணப் பெட்டிதான். லைசென்ஸ் வாங்கிய போலீஸ்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில், அந்தத் தூசிக் கண்ணாடியில், இரண்டு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. "அது எங்கே?" என்றார். டிக்கியில் என்றேன். இறங்கி, திறந்து, சூட்கேஸைத் தூக்கி, துணிப்பையைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே அப்பா ஊருக்குப் போகும்போது விட்டுப்போன சட்டையில் சுற்றி வைத்திருந்தேன். வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு வேகத்துக்கு மட்டும் டிக்கெட் எழுதினார். அங்கே வரம்பைவிட 20 மைல் கூடினாலோ, எங்கேயானாலும் 85-ஐத் தாண்டினாலோ டிக்கெட் என்ற பேச்சே இல்லை. கிரிமினல் வழக்கு, சட்டப்படி ஒரு வருடம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். அன்றிலிருந்து கழற்றினால் கண்ணாடியையும் துடைக்கிறேன்.

நயாகராவைப் பார்க்கக் கனடாப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்டாரியோவில் டிக்கித் தந்திரம் செல்லாது. காரில் இருந்தாலே குற்றம், பறிமுதலும் செய்வார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பெட்டி கத்தினால் என்ன செய்வது என்பதையும் பழக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் சத்தம் வந்ததும் பிரேக்கை மிதிப்பேன். பின்னால் வருகிறவர் திட்டுவார். தூரத்தில் நிற்கிற போலீஸ்காரருக்கோ, மூக்கைக் குத்திக்கொண்டு சிவப்பு விளக்கோடு குறைகிற காரைப் பார்த்தாலே போதும். பிறகு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுக்கக் கற்றுக்கொண்டேன். எட்டு பத்து மைல் கூடுதலாகப் போனால் அதுவே போதுமான நேரத்தில் இறங்கிவிடும். இருபது மைல் கூடப் போகிறவருக்குக் காலை எடுப்பது போதாது. என் கணக்கில் டிடெக்டர் கொஞ்சம் அசந்துபோகிறவருக்கான சாமான். பறக்கிறவருக்கு அது வெறும் தைரியத்தைத்தான் கொடுக்கும், அது நல்லதில்லை.

மனைவிக்கு இந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "எத்தனை நிமிஷம் சீக்கிரம் வர்றீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பாள். ஒருநாள் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 100 மைலை 70-இல் கடந்தால் சுமார் 86 நிமிடம், 80-இல் கடந்தால் 75. முந்நூறு மைலுக்கும் நிற்காமல் அப்படியே போனால் அரை மணி நேரம் மிச்சம். பால்டிமோர் சுரங்கப்பாதை வாசலில் நெரிசல் என்றால் அந்த அரை மணி அங்கேயே போய்விடும். காகிதத்தை அவளிடம் காட்டவில்லை.

ரிச்மண்ட் வேலையின் கடைசி மாதங்களில் ஒரு வியாழக்கிழமை. பாலம் தாண்டி மேரிலாந்துக்குள் வந்ததும் பெட்டியை எடுத்து மாட்டுவதுதான் வழக்கம். அன்று நல்ல மழை. ஓய்விடத்தில் நிற்கவும் இல்லை. போனில் தம்பி ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டே மேரிலாந்து, டெலவேர், டர்ன்பைக் எல்லாம் கடந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் தாமதம். சூட்கேஸை எடுக்க டிக்கியைத் திறந்தபோதுதான் அடியில் அப்பாவின் சட்டை மூட்டை கண்ணில் பட்டது.

மனைவி குடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இதுவும் உங்ககூட டிக்கியிலயேதான் வந்துதா?" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை மறக்காமல் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.